கேரவன் தளங்களின் கழுவுநீர்: நிலமா, கலனா, குழாயா?

விடுமுறைக்குக் கேரவனில் தங்கும் ஒரு குடும்பம், பாத்திரம் கழுவிய தண்ணீரையும் குளித்த தண்ணீரையும் எங்கே விடுவது? இந்தக் கேள்விக்குப் பிரிட்டனில் பல தலைமுறைகளாகப் பதில் சொல்லி வருகிறார்கள். வேலியோரம் ஊற்றினால் மண் குடித்துவிடும் என்பது ஒரு பதில். ஒரு துளியும் தரையில் விழாமல் கலனில் பிடித்து, அதற்கென்று உள்ள வடிகாலில் கொட்ட வேண்டும் என்பது இன்னொன்று. ஒவ்வொரு வண்டிக்கும் தனிக் குழாய் தருவது தளத்தின் கடமை என்போர் உண்டு. தன் கழிவைத் தானே சுமக்கும் வண்டிக்கு மட்டுமே இடம் தர வேண்டும் என்போரும், கழிவு உண்டாகும் இடத்திலேயே அதைக் குறைக்க வேண்டும் என்போரும் உண்டு.

நம் வாசகர்களுக்குக் கேரவன் என்றதும் படப்பிடிப்புத் தளத்தில் நிற்கும் சொகுசு வண்டி நினைவுக்கு வரலாம். இங்கே பேசப்படுவது, காரின் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துச் செல்லும் சிறு வீட்டைப் பற்றி. அதே வசதிகளோடு தானே ஓடும் மோட்டார்ஹோமும் இதில் சேரும். இவ்வண்டிகளிலிருந்து இரு வகைக் கழிவுநீர் வெளியேறுகிறது. சமையல் தொட்டி, கைகழுவும் தொட்டி, குளியலறை ஆகியவற்றிலிருந்து வடிவதை இக்கட்டுரை கழுவுநீர் என்று குறிப்பிடுகிறது. கழிப்பறைக் கழிவு தனி. விவாதத்தின் பெரும்பகுதி முதலாவதைப் பற்றியது. ஆனால் இரண்டாவதைத் தொடாமல் முதலாவதைப் பேச முடியாது. மேலே சொன்ன நிலைப்பாடுகள் எங்கிருந்து வந்தன, எங்கே வலுவிழக்கின்றன என்பதை இங்கிலாந்தை மையமாகவும் நியூசிலாந்தையும் அமெரிக்காவையும் ஒப்பீடாகவும் வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

## கேள்வியின் வரலாறு

ரோமா மக்களும் பிற நாடோடிச் சமூகத்தினரும் வெகுகாலமாக வண்டிகளில் வாழ்ந்தவர்கள். பொழுதுபோக்குக்காகக் கேரவனில் பயணம் செய்யும் வழக்கத்தின் தொடக்கமாக வழமையாகச் சுட்டப்படுவது 1885ஆம் ஆண்டு. கடற்படை மருத்துவராக இருந்து எழுத்தாளரான வில்லியம் கோர்டன் ஸ்டேபிள்ஸ், தமக்கென்று கட்டப்பட்ட 'வாண்டரர்' என்ற குதிரை வண்டியில் அவ்வாண்டு இங்கிலாந்திலிருந்து ஸ்காட்லாந்து வரை சென்றார். 1907இல் கேரவன் கிளப் உருவானது. முதல் உலகப் போருக்குப் பின் கார் இழுக்கும் கேரவன்கள் தொழிற்சாலைகளில் உருவாகத் தொடங்கின. தனி வண்டி ஒன்று ஆளில்லாத வயலோரம் ஓரிரவு நின்று செல்லும்வரை கழுவுநீர் ஒரு கேள்வியாக எழவில்லை. ஒரே வயலில் பல வண்டிகள், ஒரே கோடையில் பல வாரங்கள் என்று ஆனபோதுதான் அது கேள்வியானது.

சட்டமும் இந்த வழியிலேயே வந்தது. 1936ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டம், பெயர்த்துச் செல்லக்கூடிய குடியிருப்புகளுக்கு நிலத்தைத் தொடர்ந்து 42 நாட்களுக்கு மேலோ, ஓராண்டில் 60 நாட்களுக்கு மேலோ பயன்படுத்த உள்ளாட்சியின் உரிமத்தைக் கட்டாயமாக்கியது. போருக்குப் பிந்தைய வீட்டுப் பஞ்சத்தில் ஏராளமானோர் கேரவன்களையே வீடாக்கிக்கொண்டார்கள். அவர்களின் நிலையை ஆராய்ந்த ஆர்ட்டன் வில்சனின் அறிக்கை 1959இல் வந்தது. அடுத்த ஆண்டே கேரவன் தளங்கள் மற்றும் வளர்ச்சிக் கட்டுப்பாட்டுச் சட்டம் நிறைவேறியது. தளத்தில் போதிய சுகாதார வசதிகள் வேண்டும் என்று உரிமத்தோடு நிபந்தனை விதிக்கும் அதிகாரத்தை அது உள்ளாட்சிகளுக்குத் தந்தது. சுற்றுலாத் தளங்களுக்கான 1983ஆம் ஆண்டின் மாதிரி விதிகள், ஹெக்டேருக்கு 75 வண்டிகள் என உச்சவரம்பு வைத்தன. ரசாயனக் கழிப்பறைகளைக் காலி செய்ய முறையாக அமைந்த இடமும், பக்கத்திலேயே கழுவுவதற்குத் தண்ணீரும் வேண்டும் என்றன.

இந்தச் சட்ட வரலாற்றில் ஒன்று கவனிக்கத் தக்கது. கழிப்பறைக் கழிவு தொடக்கத்திலிருந்தே அபாயமாகப் பார்க்கப்பட்டது. கழுவுநீரோ பெரும்பாலும் பழக்கத்துக்கும் தள உரிமையாளரின் விருப்பத்துக்கும் விடப்பட்டது. இன்றைய கருத்து வேறுபாடுகள் பலவும் அந்த இடைவெளியில் வளர்ந்தவை.

## கழுவுநீரில் இருப்பது என்ன?

உணவுத் துணுக்கு, கொழுப்பு, சோப்பு, பற்பசை, முடி, குளிக்கும்போது உடலிலிருந்து கழுவிச் செல்லப்படும் சிறிதளவு மலக் கிருமிகள் ஆகியவை கழுவுநீரில் இருக்கும். இவற்றில் சமையல் தொட்டியின் பங்கே கனமானது. வீட்டுக் கழுவுநீரைத் தோட்டத்துக்குப் பாய்ச்ச 2001இல் தாராளமாக அனுமதியளித்த அமெரிக்காவின் அரிசோனா மாநிலம்கூட, நாளொன்றுக்கு 400 கேலனுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்று வரம்பிட்டதோடு சமையல் தொட்டி நீரை அந்த அனுமதியிலிருந்து விலக்கியது.

உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட கழிவுநீர்ப் பயன்பாட்டு வழிகாட்டுதல்களின் நான்காம் தொகுதி கழுவுநீரைத் தனியே எடுத்துப் பேசுகிறது. கழுவுநீரில் எளிதில் சிதையும் உணவுப்பொருள் இருப்பதால், மலக்கலப்பைக் காட்டும் குறியீட்டுப் பாக்டீரியாக்கள் அதிலேயே பெருகக்கூடும். ஆகவே அவற்றை எண்ணி அபாயத்தை மதிப்பிட்டால், மதிப்பீடு உண்மையைவிடக் கூடுதலாக வரலாம். கழுவுநீர் அலட்சியமாக எடுத்துக்கொள்ளத் தக்கதும் அன்று, சாக்கடைக்கு இணையாக அஞ்சத் தக்கதும் அன்று என்ற இடைநிலை இதிலிருந்து பெறப்படுகிறது.

காலமும் ஒரு காரணி. புதிதாக வடிந்த கழுவுநீருக்கு வாடை குறைவு. மூடிய கலனில் ஓரிரு நாள் கிடந்தால் ஆக்சிஜன் தீர்ந்து, அழுகிய முட்டை நாற்றம் தரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு உருவாகும். எனவே எவ்வளவு நேரம் சேர்த்துவைக்கலாம் என்பது, எங்கே கொட்டலாம் என்பதைப் போலவே முக்கியமான கேள்வி.

## முதல் நிலைப்பாடு: மண் ஏற்கும்

இது மிகப் பழைய நிலைப்பாடு. பண்ணை வயல்களில் பிறந்தது. 1960ஆம் ஆண்டுச் சட்டம் அங்கீகாரம் பெற்ற கேரவன் சங்கங்களுக்குச் சில விலக்குகளைத் தந்தது. அவற்றின் சான்றோடு ஐந்து கேரவன்கள் வரை நிறுத்தும் சிறு தளங்கள் விவசாய நிலங்களில் பெருகின. குடிநீர்க் குழாய் ஒன்றும் கழிப்பறைத் தொட்டியைக் காலி செய்ய ஓரிடமும் இருந்தால் போதும் என்ற எளிமையே அவற்றின் கவர்ச்சி. அத்தகைய தளங்கள் சிலவற்றில் கழுவுநீரை உயிர்வேலியின் அடியில் ஊற்றுவது இயல்பான வழக்கமாக இருந்து வந்திருக்கிறது.

இதற்கு அறிவியல் ஆதாரம் இல்லாமல் இல்லை. காற்றோட்டமுள்ள மேல்மண்ணில் நுண்ணுயிர்கள் அடர்த்தியாக வாழ்கின்றன. அவை சோப்பையும் உணவுத் துணுக்கையும் சிதைக்க வல்லவை. மலையேறுவோருக்கும் காட்டில் முகாமிடுவோருக்கும் அமெரிக்காவில் சொல்லப்படும் 'தடம் பதிக்காதே' நெறிகளும் இதையே நம்புகின்றன. பாத்திரம் கழுவிய நீரை வடிகட்டி, நீர்நிலையிலிருந்து 200 அடி தள்ளி, பரவலாகத் தெளிக்கச் சொல்கின்றன அவை.

வலுவின்மை அந்தப் 'பரவலாக' என்பதிலேயே இருக்கிறது. ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். பிரிட்டிஷ் கேரவனர்களிடம் பரவலாக உள்ள கழுவுநீர்க் கலன் ஏறத்தாழ 40 லிட்டர் கொள்ளும். மாதிரி விதிகளின் உச்சவரம்பான 75 வண்டிகள் ஒரு ஹெக்டேரில் நின்று, ஒவ்வொன்றும் நாளுக்கு ஒரு கலன் நிரப்பினால் மொத்தம் 3,000 லிட்டர். அதை ஹெக்டேர் முழுவதும் சமமாகப் பரப்பினால் 0.3 மில்லிமீட்டர் ஆழம்தான் வரும். மண்ணுக்கு அது ஒன்றுமே இல்லை. ஆனால் யாரும் அப்படிப் பரப்புவதில்லை. ஒரு கலனை ஒரு சதுர மீட்டரில் கவிழ்த்தால் அந்த இடத்துக்கு 40 மில்லிமீட்டர், அதாவது ஒரு பெருமழை நாளின் நீர், அதுவும் கொழுப்போடும் சோப்போடும். மறுநாளும் அதே இடம். அடுத்த வாரம் வேறொரு குடும்பம், அதே வேலியோரம்.

மண்ணின் இயல்பும் இடத்துக்கு இடம் மாறும். களிமண்ணில் நீர் தேங்கி நாறும். ஈயும் எலியும் வரும். தென் இங்கிலாந்தின் சுண்ணப்பாறைப் பகுதிகளில் வெடிப்புகளின் வழியே, மண்ணின் வடிகட்டலுக்கு இடம் தராமல் நிலத்தடி நீரை அடையக்கூடும். இஸ்ரேலின் நெகேவ் பகுதி ஆய்வாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வொன்று, துணி துவைத்த கழுவுநீரிலுள்ள நுரைப்பொருள்கள் மண்ணில் சேர்ந்து, மண்ணை நீர் ஒட்டாததாக மாற்றக்கூடும் என்று காட்டியது. வறண்ட மணலில் கண்டதை ஈரமான இங்கிலாந்து வயலுக்கு அப்படியே பொருத்த முடியாது. எனினும் மண்ணின் ஏற்புத்திறனுக்கு எல்லை உண்டு என்பதை அது உணர்த்துகிறது. நிலத்தடி நீரையோ ஓடையையோ மாசுபடுத்தும் எதையும் அனுமதியின்றி விடுவது இங்கிலாந்தில் சட்டப்படி குற்றம் என்பதால், வேலியோர வழக்கம் எந்த அளவிலிருந்து மாசு ஆகிறது என்ற கேள்வியிலிருந்து தப்ப முடியாது.

## இரண்டாம் நிலைப்பாடு: கலனில் பிடித்து எடுத்துச் செல்

இன்று பிரிட்டிஷ் தளங்களில் மேலோங்கி நிற்பது இதுதான். வண்டியின் அடியிலுள்ள வெளியேற்றுக் குழாயிலிருந்து நெளிவுக் குழாய் ஒன்று, சக்கரம் வைத்த தட்டையான கலனுக்குச் செல்லும். நன்னீருக்கு உருண்டுவரும் அக்வாரோல், கழுவுநீருக்கு வேஸ்ட்மாஸ்டர் என்ற இணை அங்கே எல்லாருக்கும் தெரிந்த பெயர்களாகிவிட்டன. நிரம்பியதும் கலனை இழுத்துச் சென்று தளத்தின் கழுவுநீர் வடிகாலில் கவிழ்க்க வேண்டும். மோட்டார்ஹோம்களில் தொட்டி வண்டியின் அடியிலேயே பொருத்தப்பட்டிருப்பதால், வண்டியையே வடிகாலின் மேல் ஓட்டிவந்து திறக்க வேண்டும். பிரான்ஸின் பல ஊர்களில் நன்னீர் நிரப்பவும் கழிவை வெளியேற்றவும் மோட்டார்ஹோம் சேவை நிலையங்கள் உள்ளன.

இதன் வலிமை தெளிவு. கழிவு ஓரிடத்தில் சேர்கிறது. அந்த இடத்தை வடிவமைக்கலாம், கண்காணிக்கலாம், சுத்திகரிப்போடு இணைக்கலாம். மேலும் அது விருந்தினருக்குத் தன் நீர்ச்செலவைக் கண்முன் காட்டுகிறது. இங்கிலாந்தில் வீட்டில் ஒருவர் நாளொன்றுக்குச் சராசரியாக ஏறத்தாழ 140 லிட்டர் நீர் செலவிடுகிறார். 40 லிட்டர் கலனை இழுத்துச் செல்ல வேண்டிய இடத்தில் அதே மனிதர் மிகக் குறைவான நீரில் நாளை ஓட்டிவிடுகிறார்.

குறைகள் மூன்று. முதலாவது உடலுழைப்பு. நிரம்பிய கலன் 40 கிலோவுக்குக் குறையாது. முதியோருக்கும் உடல்நலம் குன்றியோருக்கும் ஈரப் புல்லில் அதை இழுப்பது எளிதன்று. வடிகால் தொலைவில் இருந்தால் வேலியோரமே அருகில் இருக்கிறது. இரண்டாவது, முன்பு சொன்ன தேக்கம். நெளிவுக் குழாயின் மடிப்புகளில் கொழுப்பு படிகிறது. வடிகுழாயில் வாடையைத் தடுக்கும் நீர்ப்பூட்டு இல்லாத வண்டிகளில் கலனின் வாடை சமையல் தொட்டி வழியே உள்ளே ஏறுகிறது. குளிர்காலத்தில் குழாயும் கலனும் உறைந்துவிடுவதால், பலர் வெளியேற்றுக் குழாயின் கீழ் வாளி வைத்து, அடிக்கடி காலி செய்கிறார்கள். மூன்றாவது குறை அடிப்படையானது: கலன் கழிவை இடம் மாற்றுகிறது, அவ்வளவே. வடிகாலுக்குப் பின் என்ன நடக்கிறது என்பதைப் பொறுத்தே அந்த இடமாற்றத்துக்குப் பொருள் வருகிறது.

## மூன்றாம் நிலைப்பாடு: ஒவ்வொரு நிறுத்திடத்துக்கும் குழாய்

முழு வசதி நிறுத்திடம் எனப்படுவதில் தனிக் குடிநீர்க் குழாயும் தனி வடிகாலும் மின் இணைப்பும் உண்டு. பெரிய வணிகத் தளங்களும் சங்கத் தளங்களும் இவற்றைக் கூடுதல் கட்டணத்துக்குத் தருகின்றன. அமெரிக்காவில் ஆர்வி எனப்படும் பொழுதுபோக்கு வண்டிகளுக்கான பூங்காக்களில் இந்த ஏற்பாடு முற்றி வளர்ந்தது. அங்கே வண்டிகளுக்குக் கழுவுநீருக்கு ஒன்று, கழிப்பறைக்கு ஒன்று என இரு தொட்டிகள். கழிப்பறைத் தொட்டியை முதலில் காலி செய்து, பிறகு கழுவுநீரைத் திறந்தால் குழாய் அலசப்படும் என்பது அங்கே வழமையாகப் பின்பற்றும் முறை.

மனித உழைப்பையும் மனசாட்சியையும் நம்பாத ஏற்பாடு என்பது இதன் பெரும் பலம். ஆனால் இழுக்கும் சுமை நீங்கியதும் நீர்ச்செலவு வீட்டுப் பழக்கத்தை நோக்கி உயரக்கூடும். குழாயின் மறுமுனையில் நகரச் சாக்கடை இருந்தால் சிக்கல் குறைவு. கிராமத் தளத்தில் இருப்பது பெரும்பாலும் செப்டிக் டேங்கோ சிறு சுத்திகரிப்பு நிலையமோ. விடுமுறை வாரத்தில் நிரம்பி வழிந்து குளிர்காலத்தில் வறண்டு கிடக்கும் ஏற்ற இறக்கத்தை அவை தாங்க வேண்டும். புல்வெளியைத் தோண்டிக் குழாய் பதிக்கும் செலவு ஐந்து வண்டித் தளத்தின் வருமானத்துக்குப் பொருந்தாது. அந்தத் தளங்கள் மூடப்பட்டால் எளிய, மலிவான விடுமுறையும் சிறு விவசாயியின் துணை வருமானமும் சேர்ந்தே போகும்.

## நான்காம் நிலைப்பாடு: வண்டிக்கே சான்று

நிலத்தை ஒழுங்குபடுத்துவதை விட்டு வண்டியை ஒழுங்குபடுத்தும் வழி இது. நியூசிலாந்தின் 2001ஆம் ஆண்டுத் தரவிதியான என்இசட்எஸ் 5465, தன்னிறைவு வண்டி எது என்று வரையறுத்தது. ஒருவருக்கு நாளுக்கு 4 லிட்டர் வீதம் மூன்று நாட்களுக்கான நன்னீர், அதற்கு ஈடான கழிவுநீர்த் தொட்டி, நீர்ப்பூட்டுள்ள சமையல் தொட்டி, கழிப்பறை, மூடியுள்ள குப்பைத்தொட்டி ஆகியவை வேண்டும் என்றது. 2011இல் வந்த சட்டம் பொது நிலங்களில் கட்டணமின்றி முகாமிடுவதை முறைப்படுத்தியது. எடுத்துவைக்கும் சிறு கழிப்பறையைக் காட்டிச் சான்று வாங்கிவிட்டு அதைப் பயன்படுத்துவதே இல்லை என்ற குறைகூறல் வலுத்தது. 2023ஆம் ஆண்டின் திருத்தம், கழிப்பறை வண்டியில் நிலையாகப் பொருத்தப்பட்டிருக்க வேண்டும் என்றது.

அமெரிக்காவில் அரிசோனாவின் குவார்ட்ஸைட் அருகே, குளிர்காலம் முழுவதும் ஆயிரக்கணக்கானோர் பாலைநிலத்தில் தங்கும் நீண்டகாலத் தங்குமிடங்களைக் கூட்டரசின் நில மேலாண்மைப் பணியகம் 1983 முதல் நடத்துகிறது. கழிவுநீர்த் தொட்டி நிலையாகப் பொருத்திய வண்டிகளுக்கே அங்குப் பெரும்பகுதியில் இடம்.

குழாயே இல்லாத இடங்களில் இதைவிடப் பொருத்தமான வழி அரிது. ஆனால் சான்று தொட்டியின் இருப்பை உறுதி செய்கிறது. அதை எங்கே காலி செய்தார்கள் என்பதை உறுதி செய்வதில்லை. வெளியேற்று நிலையங்கள் வழிநெடுகிலும் இல்லையென்றால் தன்னிறைவு வண்டியும் வழிதவறும். சமூக நீதிக் கேள்வியும் உண்டு. வேறு வீடின்றி வண்டியில் வாழ்வோரை இந்த விதிகள் தண்டிக்கக்கூடும். நியூசிலாந்தின் 2023 திருத்தம் அத்தகையோரை விதியின் வரம்பிலிருந்து விலக்கியது இந்தக் கவலையின் விளைவே. இங்கிலாந்தில் நாடோடிச் சமூகங்களுக்குத் தளம் அமைத்துத் தரும் கடமையை 1968ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளாட்சிகள்மீது வைத்தது. 1994இல் அது நீக்கப்பட்டது. குழாயும் வடிகாலும் தராத சமூகம், கழிவை ஒழுங்காக அகற்றவில்லை என்று அவர்களைக் குறைகூறுவது நியாயமாகாது.

## ஐந்தாம் நிலைப்பாடு: மூலத்தில் குறை

கழிவை அது உண்டாகும் இடத்திலேயே குறைப்பது இந்த வழி. 1950களில் பிரிட்டனின் ஆறுகளில் நுரை மலைபோல் மிதந்தது. நுண்ணுயிர்களால் எளிதில் சிதைக்க முடியாத அக்காலச் சலவைப்பொருள்களே காரணம். 1960களின் நடுவில் தொழில்துறை சிதையக்கூடிய வகைக்கு மாறியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004ஆம் ஆண்டு விதி, நுரைப்பொருள்கள் முழுமையாகச் சிதைய வேண்டும் என்றது. 2012ஆம் ஆண்டு விதி, வீட்டுச் சலவைத்தூளிலும் பின்னர் பாத்திரம் கழுவும் இயந்திரத் தூளிலும் பாஸ்பரஸைக் குறைத்தது. இன்று கேரவனிலிருந்து வடியும் நீர் 60 ஆண்டுகளுக்கு முந்தையதைவிடத் தீங்கு குறைந்தது என்று சொல்ல இடமுண்டு. தட்டைக் காகிதத்தால் துடைத்துவிட்டுக் கழுவுவது, எண்ணெயை வடிகாலில் ஊற்றாமல் குப்பையில் சேர்ப்பது, சோப்பை அளந்து பயன்படுத்துவது ஆகியவற்றுக்குச் செலவும் இல்லை.

இதன் குறை, அது தனித்து நிற்க முடியாது என்பது. 'இயற்கையாகச் சிதையும்' என்ற முத்திரை, ஓடையில் நேரடியாக ஊற்றுவதற்கான உரிமமாகச் சிலரால் பொருள்கொள்ளப்படுகிறது. சிதைவு என்பதே நீரின் ஆக்சிஜனை உண்ணும் நிகழ்வு. சிறு ஓடையில் அது மீனுக்குத் தீங்காகும்.

## கழிப்பறைத் தொட்டியின் நீல நீர்

எஃப்ரெய்ம் லூயிஸ் ஜாக்சன் 1924இல் தொடங்கிய எல்சான் நிறுவனம் ரசாயனக் கழிப்பறையைப் பரவலாக்கியது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானங்களிலும் அது இருந்தது. தளத்தில் கழிப்பறைத் தொட்டியைக் காலி செய்யும் இடத்தை இன்றும் பலர் 'எல்சான் பாயின்ட்' என்றே அழைக்கிறார்கள். நெடுங்காலம் இதில் ஊற்றப்பட்டது ஃபார்மால்டிஹைடு கலந்த நீல நீர். அது பாக்டீரியாக்களைக் கொன்று நாற்றத்தை அடக்குகிறது. செப்டிக் டேங்கின் வேலையோ முழுக்க அதே பாக்டீரியாக்களை நம்பியிருக்கிறது. பல தொட்டிகள் ஒரே காலையில் சிறு டேங்கில் கொட்டப்பட்டால் அது செயலிழக்கக்கூடும். பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை ஃபார்மால்டிஹைடை 2004இல் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று வகைப்படுத்தியது.

மாற்றாக நைட்ரேட், நொதி, நுண்ணுயிர் சார்ந்த பச்சை நீர்கள் வந்தன. ஜெர்மனியின் 'நீலத் தேவதை' சூழல் முத்திரை இத்தகைய பொருள்களுக்கும் தரப்படுகிறது. ரசாயனமே வேண்டாம், வீட்டுச் சலவைத்தூள் போதும் என்போரும் உண்டு. ஃபார்மால்டிஹைடைக் கைவிடுவதற்கான வாதம் வலுவானது. மாற்றுகளுக்குள் எது சிறந்தது என்பதில் அந்த அளவு தெளிவு இன்னும் வரவில்லை. கழுவுநீர் விவாதத்துக்கு இதிலிருந்து கிடைக்கும் பாடம் ஒன்றே: இரு கழிவுகளின் வடிகால்களைக் குழப்பக் கூடாது. கழுவுநீருக்கான உறிஞ்சுகுழியில் கழிப்பறைத் தொட்டி கவிழ்க்கப்பட்டால், மண் ஏற்கும் என்ற வாதம் முற்றிலும் உடைந்துவிடும்.

## வடிகாலுக்கு அப்பால்

எல்லா நிலைப்பாடுகளும் கடைசியில் தளத்தின் நிலத்தடியில் வந்து சந்திக்கின்றன. இங்கிலாந்தில் 2015 முதல் நடப்பிலுள்ள பொது விதிகளின்படி, நாளொன்றுக்கு நிலத்துக்குள் 2 கனமீட்டர், ஓடும் நீரில் 5 கனமீட்டர் வரை, சுத்திகரித்த வீட்டுக் கழிவுநீரை நிபந்தனைகளோடு அனுமதிப் பத்திரமின்றி விடலாம். செப்டிக் டேங்கிலிருந்து ஓடைக்கு நேரடியாக விடுவது 2020 ஜனவரி முதல் தடைசெய்யப்பட்டது. குடிநீர்க் கிணறுகளைச் சுற்றிய பாதுகாப்பு வளையத்தில் விதி இன்னும் கடுமை. ஐந்து வண்டித் தளத்தின் 200 லிட்டர் கழுவுநீர் 2 கனமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. முன்பு கணக்கிட்ட 75 வண்டித் தளத்தின் 3,000 லிட்டரோ அதைத் தாண்டிவிடுகிறது. ஒரே விதி இரண்டுக்கும் பொருந்தாது என்பதை இந்த எண்களே சொல்கின்றன.

அண்மைக் காலத்தில் விவாதம் கிருமியிலிருந்து ஊட்டச்சத்துக்கு நகர்ந்திருக்கிறது. பாதுகாக்கப்பட்ட ஆறுகளிலும் ஏரிகளிலும் நைட்ரஜனும் பாஸ்பரஸும் மிகுந்து பாசி படர்வதைத் தடுக்க, 2022 மார்ச்சில் அரசின் ஆலோசனை அமைப்பான நேச்சுரல் இங்கிலாந்து தன் அறிவுரையை விரிவாக்கியது. 74 உள்ளாட்சிகள் அதன் வரம்புக்குள் வந்தன. கூடுதல் சுமையை ஈடுகட்டாமல் புதிய தங்குமிடங்களுக்கு அனுமதி தருவது அங்கே கடினமானது. கார்ன்வாலின் கேமல் ஆறு, ஏரி மாவட்டத்தின் எஸ்த்வெயிட் போன்ற சுற்றுலாப் பகுதிகள் இதில் அடக்கம். மறுபுறம் 2023 ஜூலையில் வந்த திட்ட விதி, ஆண்டுக்கு 60 நாட்கள், 50 நிறுத்திடங்கள் வரை கூடாரங்களுக்கும் மோட்டார் வண்டிகளுக்கும் தற்காலிகத் தளம் நடத்த வழிவிட்டது. கழிப்பறை, கழிவகற்றல் வசதிகள் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் வைத்தது. கிராமப் பொருளாதாரத்தை ஊக்குவிக்கும் கையும் ஆறுகளைக் காக்கும் கையும் ஒரே அரசுடையவை. இரண்டும் இணைந்து செயல்படுமா என்பது இனிதான் தெரியவரும்.

## மதிப்பீடு

ஐந்து நிலைப்பாடுகளும் ஒன்றையொன்று மறுப்பவையாகத் தோன்றினாலும், அவை வெவ்வேறு அடர்த்திக்கும் வெவ்வேறு நிலத்துக்கும் சொல்லப்பட்ட பதில்கள் என்று கொள்வதே பொருத்தம். ஆளில்லா வெளியில் ஓரிரவு நிற்கும் ஒரு வண்டியின் வடிகட்டிய கழுவுநீரை மண் ஏற்கும். ஐந்து வண்டிகள் மாதக்கணக்கில் நிற்கும் வயலுக்குக் கலனும், கொழுப்புப் பிடிப்பானோடு முறையாக அமைந்த ஓர் உறிஞ்சுகுழியும் போதலாம். நூறு வண்டிகள் நிற்கும் தளத்தில் குழாயும் சுத்திகரிப்பும் தவிர்க்க முடியாதவை. தளமே இல்லாத இடத்தில் வண்டியின் தொட்டியே அரண். மூலத்தில் குறைப்பது எல்லா இடத்துக்கும் பொது.

இந்த அடுக்கில் ஒரு முடிவு அடங்கியிருக்கிறது. எந்த அடுக்கு தேவை என்பதை முடிவு செய்யும் தகவல், அதாவது மண்ணின் வகை, கிணற்றின் தொலைவு, வண்டிகளின் எண்ணிக்கை எல்லாம், தளத்தை நடத்துபவரிடம் இருக்கிறது. ஓரிரவு தங்க வந்தவரிடம் இல்லை. ஆகவே முதற்பொறுப்பு தளத்துக்கே உரியது. 'கழுவுநீர் இங்கே, கழிப்பறைத் தொட்டி அங்கே' என்று தெளிவாகச் சுட்டும் பலகையும், நிறுத்திடத்திலிருந்து நடக்கத்தக்க தொலைவில் ஒரு வடிகாலும் அறிவுரைத் தாள்களைவிடப் பெரும் பயன் தரும். விருந்தினரின் கடமை அதன் பிறகு தொடங்குகிறது.

திறந்திருக்கும் கேள்விகளும் உள்ளன. ஆண்டுதோறும் கழுவுநீர் வாங்கும் வேலியோர மண்ணில் பத்திருபது ஆண்டுகளில் என்ன சேர்கிறது, பச்சை நீர்கள் சிறு செப்டிக் டேங்குகளில் உச்சப் பருவத்தில் எப்படி நடந்துகொள்கின்றன, நாணல் படுகை போன்ற எளிய சுத்திகரிப்பு கோடை மட்டும் இயங்கும் தளத்துக்குத் தாங்குமா என்பவற்றுக்கு நிலத்தில் நின்று நெடுங்காலம் அளந்த பதில்கள் வேண்டும். நமக்கும் இது தொலைவான செய்தியன்று. கேரள அரசு 2021இல் கேரவன் சுற்றுலாக் கொள்கையை அறிவித்தது. இடுக்கி மாவட்டத்தின் வாகமண்ணில் முதல் கேரவன் பூங்கா அமைந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையின் சரிவில் ஊற்றப்படும் நீர் யாரோ ஒருவரின் ஊற்றை நோக்கி இறங்கும். பிரிட்டன் முதலில் வண்டிகளை வரவிட்டு, கழுவுநீரைப் பழக்கத்துக்கு விட்டு, பல பத்தாண்டுகள் கழித்து விதி செய்தது. இப்போது தொடங்குபவர்கள் தளத்தின் வரைபடத்தில் நிறுத்திடங்களைக் குறிக்கும் முன்பே வடிகாலைக் குறிக்க முடியும். அதற்கு வேண்டிய அறிவு போதிய அளவு ஏற்கெனவே கைவசம் இருக்கிறது.